சேலத்தில் ஓடி ஏற்காடு ஏறும் வண்டிக்கு ஜெட் மாற்றுவது எப்படி?

அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை சீராக வந்த ஆர்எக்ஸ் 100, மலையில் பாதிக்கு மேல் ஏறியதும் புடுபுடுவென்று திக்கத் தொடங்கினால், "ஜெட்டை மாத்தணும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டருக்குள், பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகுதான் ஜெட். மாற்றலாம், வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் எந்த ஜெட்டை, எந்தப் பக்கமாக, எந்த ஊர்க் காற்றில் வைத்து மாற்றுவது என்பதில்தான் பிஸ்டனின் ஆயுள் இருக்கிறது. முதல்முறையாகக் கார்பரேட்டரில் கை வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்எக்ஸ், பழைய புல்லட், ஸ்ப்ளெண்டர், கார்பரேட்டர் காலத்துப் பல்சர் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் மாற்ற ஜெட்டே கிடையாது.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. மேலே குளிர்ச்சி இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்ந்து, அதில் சிறிது ஈடுகட்டும். கணக்குப் பார்த்தால் ஒரு மூச்சில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று 11, 12 சதவீதம் குறைவு. அந்த அளவுக்குச் சக்தியும் குறையும். இந்த இழப்பை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. ஜெட் சரிசெய்வது இதற்கு மேல் வரும் இன்னொரு கோளாறை: காற்று குறைந்த அதே விகிதத்தில் பெட்ரோல் வரத்து குறைவதில்லை. அடர்த்தி எவ்வளவு குறைகிறதோ, அதில் ஏறத்தாழ பாதி அளவுக்குக் கலவை ரிச் ஆகிறது. அதாவது ஏற்காட்டில் சுமார் 6 சதவீதம் கூடுதல் பெட்ரோல் உள்ளே போகிறது. பிளக் கறுப்பதும், நெடி அடிப்பதும், பிக்கப் மந்தமாவதும் இதனால்தான்.

இப்போது இதையே தலைகீழாகப் பாருங்கள். மேலே ஏரிக்கரையில் நிறுத்தி, அந்தக் காற்றுக்கு அருமையாக ட்யூன் செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதே வண்டி இறங்கி வந்து ஓமலூர் பக்கம் பைபாஸில் முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போது அதே 6 சதவீதம் பெட்ரோல் பற்றாமல் போகும். இப்படிப் பெட்ரோல் குறைந்த லீன் கலவை எஞ்சினைக் கொதிக்க வைக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி கொஞ்ச நேரம் பொறுக்கும். இரண்டு ஸ்ட்ரோக் பொறுக்காது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பின் சக்கரம் ஓடுகிற ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். ரிச் ஆனால் காசு போகும், லீன் ஆனால் எஞ்சின் போகும்.

ஆகவே சேலத்துக்காரர் தன் மெயின் ஜெட்டை, அதாவது முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை, சேலத்துக் காற்றுக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியை ஒட்டிய காற்று மெலிந்தது. மார்கழி விடியலின் இருபது டிகிரிக் காற்று அதைவிட ஆறேழு சதவீதம் அடர்ந்தது. மே மாத மத்தியானத்தில் கச்சிதமாக வைத்த ஜெட் டிசம்பர் காலையில் லீன் பக்கம் சாயும். சோதனை ஓட்டத்தை விடிகாலையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். கீழே, குளிரில், முழு ஆக்சிலேட்டரில் லீன் ஆகாத ஜெட் எதுவோ, அதுதான் உங்கள் ஜெட்.

பெட்ரோலும் மாறிவிட்டது

மலைக்கே போகாதவர்களுக்கும் இன்று ஜெட்டைப் பற்றி யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கும் பொருள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீதக் கலவைக்கு 14.1 போதும், 20 சதவீதக் கலவைக்கு 13.5 போதும். பழைய பெட்ரோலுக்காகத் துளையிட்ட ஜெட் வழியாக இந்தக் கலவை போனால், வண்டி எதையும் மாற்றாமலே லீன் ஆகிறது. பத்து சதவீதக் காலத்தோடு ஒப்பிட்டால் 4 சதவீதம், கலப்பில்லாத காலத்தோடு ஒப்பிட்டால் 8 சதவீதம். காலையில் சோக் போடாமல் ஸ்டார்ட் ஆகாதது, ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிப்பது, சூடேறியதும் ஐடில் ஏறி இறங்குவது எல்லாம் இதன் அறிகுறியாக இருக்கலாம். ஃபில்டர், சைலன்சர் எதையும் மாற்றாத பழைய வண்டிக்குக்கூட மெயின் ஜெட்டின் எண்ணில் ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி ஏற்றுவது இன்று நியாயமான வேலை என்பது என் கருத்து.

ஜெட்டில் கை வைக்கும் முன்

கோளாறு வேறெங்கோ இருக்க, ஜெட்டை மாற்றினால் இரண்டு கோளாறாகிவிடும். ஏர் ஃபில்டர் சுத்தமா, பிளக் நல்லதா, நான்கு ஸ்ட்ரோக் என்றால் டேப்பெட் இடைவெளி சரியா, பெட்ரோல் டேப்பின் வலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். ஐடில் சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. முதலில் ரப்பரை மாற்ற வேண்டும்.

இன்னொன்று: பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் நீடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் கூரான ஊசி) மேலும் கீழும் உரசி உரசி, அது இறங்கும் பித்தளைக் குழலின் துளை முட்டை வடிவமாகியிருக்கும். அப்போது பாதி ஆக்சிலேட்டரில் எப்போதும் ரிச்சாகவே இருக்கும், மைலேஜ் கொட்டும். இதற்கு மெயின் ஜெட்டைக் குறைத்து மருந்து தேடாதீர்கள். நீடிலையும் குழலையும் ஜோடியாக மாற்றுவதுதான் வைத்தியம்.

எந்த ஆக்சிலேட்டரில் எது வேலை செய்கிறது

புதியவர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால்கூடப் போதும். ஆக்சிலேட்டரை முறுக்கும் அளவைப் பொறுத்து கார்பரேட்டருக்குள் வேறு வேறு பாகம் பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட் என்ற சிறிய ஜெட்டும், பக்கவாட்டில் உள்ள ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரை முறுக்கினால் உயர்ந்து காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ராஜ்ஜியம். ஓரங்களில் ஒன்றோடொன்று கலக்கும் என்றாலும் கணக்கு இதுதான்.

ஐந்து ரோட்டு நெரிசலில் வண்டி திக்குகிறது என்று மெயின் ஜெட்டை மாற்றினால் ஒன்றும் ஆகாது. அந்த நெரிசலில் யாரும் முக்கால் ஆக்சிலேட்டர் முறுக்குவதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் கைப்பிடி ரப்பரின் உள் ஓரத்திலும், பக்கத்தில் சுவிட்ச் பெட்டி மேலும் காகித டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்த்து, எந்தக் கோட்டில் தொல்லை வருகிறது என்று சரியாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

கடையில்

ஸ்பேர்ஸ் கடைக்காரர் முதலில் கேட்பது, "எந்த வண்டிங்க, என்ன கார்ப்?" என்பதுதான். பதில் சொல்ல, உங்கள் கார்பரேட்டரின் உடலில் பதிந்திருக்கும் எழுத்தையும், இப்போது இருக்கும் ஜெட்டின் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். ஜெட்டின் முகத்திலோ பக்கத்திலோ கடுகு அளவில் அந்த எண் இருக்கும். மொபைல் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும்.

எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மிக்குனி, கெய்ஹின் இரண்டும் கார்பரேட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள். மிக்குனியின் ஆறுபட்டை மெயின் ஜெட்டில் இருக்கும் எண் அதன் வழியே பாயும் அளவைக் குறிப்பது. கெய்ஹின் ஜெட்டில் எண் துளையின் விட்டத்தைக் குறிப்பது: 100 என்றால் 1.00 மில்லிமீட்டர். ஆகவே மிக்குனி 100-உம் கெய்ஹின் 100-உம் ஒன்றல்ல. விட்டம் 3 சதவீதம் கூடினால் பரப்பு 6 சதவீதம் கூடிவிடும். அதனால் கெய்ஹினில் சின்ன எண் மாற்றம்கூடப் பெரிய மாற்றம். மிக்குனியில் 100-க்கு அடுத்து 102.5, 105 என்று படிகள் வரும். இப்போது இருப்பதற்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என மெயின் ஜெட்டும், பைலட்டில் மேலே ஒன்றும் வாங்குங்கள். எல்லாமே ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வாங்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். துளை வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல், உட்புறம் பளிச்சென்று இருக்க வேண்டும். எண் அழிந்ததும் பிசிறு உள்ளதும் வேண்டாம்.

பம்ப் ஸ்டவ் பின்னை ஜெட்டுக்குள் விட்டுக் குடைவது நம் ஊரில் பழைய பழக்கம். பித்தளை மெத்தென்ற உலோகம். இரும்புக் கம்பி நாலு தடவை போய் வந்தால் துளை பெரிதாகும், வட்டம் கெடும். எண் 95 என்று எழுதியிருக்கும், பாய்வது வேறு எதுவோவாக இருக்கும். அடைப்பு இருந்தால் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளையிட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வேலை

இடம் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். சமையலறைக்குப் பக்கத்து வராண்டாவில், அடுப்பு எரிகிறபோது, சாமி விளக்கு ஏற்றியிருக்கும்போது இந்த வேலை கூடாது. திறந்த வாசலில், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு செய்யுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் (மிதவை) கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் அது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; நாள்கணக்கில் நின்ற வண்டியில் இது வரும். தண்ணீர் இருந்தால் டேங்கையும் சேர்த்துச் சுத்தம் செய்யாமல் மேலே போகக் கூடாது.

பல வண்டிகளில் கார்பரேட்டரை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. இருபுறக் கிளாம்ப்பையும் தளர்த்திப் பக்கவாட்டில் சாய்த்தால் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் கைக்கு வரும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஸ்க்ரூக்களின் தலை ஜப்பானிய வகை நட்சத்திரம். சாதாரண ஸ்டார் டிரைவரின் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையை மழித்துவிடும். பொருந்தும் டிரைவர் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஸ்க்ரூ அசையாவிட்டால் துரு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, டிரைவரை அழுத்திப் பிடித்துத் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டித் திருப்புங்கள்.

கிண்ணம் வந்ததும் பேக்கிங் கிழியாமல் எடுத்து வையுங்கள். ஃப்ளோட்டுகளுக்கு நடுவில் தெரிவது மெயின் ஜெட். பக்கத்தில் ஒரு குழிக்குள் ஒளிந்திருப்பது பைலட். ஆறுபட்டை ஜெட்டுக்கு அளவான ஸ்பேனர், வெட்டுள்ள ஜெட்டுக்கு வெட்டை முழுதாக நிரப்பும் அகல முனை டிரைவர். புது ஜெட்டை விரலாலேயே மரை பிடிக்க வைத்து, கடைசியில் மட்டும் டிரைவரால் லேசாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும். பிறகு கார்பரேட்டரையே மாற்ற வேண்டும்.

மூடும் முன் ஃப்ளோட்டை விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள், தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். மாட்டிய பிறகு டேப்பைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் சில நிமிடம் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் வந்தால் ஃப்ளோட் ஊசி சரியாக அமரவில்லை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மெயினையும் நீடிலையும் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி கெட்டால் எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

மெயின் ஜெட்டைச் சோதிப்பது

பெரிய எண்ணிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ரிச் பக்கமிருந்து வந்தால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை. சோதனைக்கு ஊருக்கு வெளியே, வண்டி நடமாட்டம் இல்லாத, லேசான ஏற்றமுள்ள நேர் ரோடு வேண்டும். மலைப்பாதையிலும் தொப்பூர் கணவாய் இறக்கத்திலும் இதைச் செய்யவே கூடாது. மூன்றாவது கியர் போதும். முழு ஆக்சிலேட்டர் கிடைக்கும், வேகம் கைமீறாது. ஹெல்மெட், கையுறை, மூடிய ஷூ கட்டாயம். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் ஒரு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும்.

எஞ்சின் சூடான பிறகு, முழுதாக முறுக்கி ஓடும்போது ஆக்சிலேட்டரை ஒரு நூல் மட்டும் பின்வாங்குங்கள். அந்தக் கணத்தில் வண்டி முன்னால் உந்தினால் மெயின் லீன். திக்கினால் ரிச். திக்காமல் லேசாக வேகம் குறைந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஓடிக்கொண்டே சோக்கைச் சிறிது இழுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. சோக் போட்டதும் இழுவை கூடினால் லீன், மூச்சடைத்தால் ரிச்.

உறுதிப்படுத்த, புது பிளக் மாட்டி முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓடி, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் எஞ்சினை அணைத்து ஓரமாக உருண்டு போய் நில்லுங்கள். ஐடிலில் ஓட விட்டுப் பிறகு பார்த்தால் பிளக் பைலட்டின் கதையைத்தான் சொல்லும். பிளக் சுடும், துணி சுற்றிக் கழற்றி வெயிலில் திருப்பிப் பாருங்கள். மேல்முனையின் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளைப் பீங்கான் உள்ளே இறங்கி உலோகத்தைத் தொடும் ஆழத்தில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும், அதைப் பாருங்கள். அங்கே இளம் காப்பி நிறத்தில் வளையம் இருந்தால் நல்லது. வளையமே இல்லாமல் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் உடனே ஒரு படி ஏற்றுங்கள், அந்த ஜெட்டோடு இன்னொரு ஓட்டம் வேண்டாம். கரி மெழுகியதுபோல் இருந்தால் ஒரு படி இறக்குங்கள். எத்தனால் பெட்ரோலில் நிறம் முன்பைவிட வெளிறித்தான் வரும். ஆகவே சந்தேகம் வந்தால் ரிச் பக்கம் நில்லுங்கள்.

பைலட், பிறகு நீடில்

மெயின் முடிந்தால் ஐடில். பக்கவாட்டில் உள்ள சிறு ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ: உள்ளே திருப்பினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவை ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் ரிச். இரண்டும் நேர் எதிர், முதலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்ல அடிவரை இறக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, சூடான எஞ்சினில் கால் காலாகத் திருப்பி, ஐடில் உச்சமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஏர் ஸ்க்ரூ வகையில் அந்த உச்சம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் சின்னது. மூன்று சுற்றுக்கு வெளியே போனால் பைலட் பெரிது. கலவை ஸ்க்ரூ வகையில் இது அப்படியே மாறும்.

நீடிலின் தலையில் சிறு வெட்டுகளும் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை மேல் வெட்டில் போட்டால் நீடில் தாழும், லீன். கீழ் வெட்டில் போட்டால் நீடில் உயரும், ரிச். பாதி ஆக்சிலேட்டரில் இழுவை தளர்ந்தால் ஒரு வெட்டு மட்டும் மாற்றிப் பாருங்கள். ராஜ்தூத் 350 மாதிரி இரட்டைக் கார்பரேட்டர் வண்டி என்றால் இரண்டிலும் ஒரே ஜெட், ஒரே வெட்டு. இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழும்புகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக் கேபிளைச் சரிசெய்ய வேண்டும்.

மலையில் குடியிருப்பவர்களுக்கு

ஏற்காட்டிலோ நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டிலோ இருந்துகொண்டு அவ்வப்போது சேலம் இறங்குபவர்களுக்கு என் யோசனை இது. மெயினையும் நீடிலையும் சேலத்துக்கே விட்டுவிடுங்கள். முழு ஆக்சிலேட்டருக்கும் நீண்ட அரை ஆக்சிலேட்டர் ஓட்டத்துக்கும் சமவெளியில்தான் வேலை. பைலட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் மட்டும் மலைக்காற்றுக்கு வையுங்கள். காலைக் குளிரில் ஸ்டார்ட்டிங்கும், வளைவுகளில் மெல்ல ஏறும்போது பிளக் கறுக்காமல் இருப்பதும் அதிலேயே கிடைத்துவிடும். ஒருநாள் உலா போகிறவர் எதையும் மாற்ற வேண்டாம், ஒரு உபரி பிளக்கும் பிளக் ஸ்பேனரும் சீட்டுக்கடியில் இருந்தால் போதும்.

இறக்கத்தில் இரண்டு ஸ்ட்ரோக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடி, கியரில் எஞ்சினை இழுக்க வைத்து இறங்கும்போது பெட்ரோலோடு ஆயிலும் குறைவாகவே போகிறது, பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடுகிறது. வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் சிலிண்டருக்கு ஆயில் போய்ச் சேரும்.

எல்லாம் முடிந்ததும் புகைச் சான்றுக்கு வண்டியைக் காட்டுங்கள். அங்கே அளப்பது ஐடிலில் என்பதால் முடிவு பெரும்பாலும் பைலட்டையும் ஸ்க்ரூவையும் பொறுத்தது. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். சான்றில் வரும் எண்ணை ஜெட் எண், ஸ்க்ரூவின் சுற்று, கிளிப்பின் வெட்டு, தேதி ஆகியவற்றோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய ஜெட்டுகளையும் எண் எழுதிய உறையில் போட்டு அந்த நோட்டோடு வையுங்கள். பங்க் பெட்ரோலின் கலவை மறுபடி மாறினால் எங்கிருந்து தொடங்குவது என்று அது சொல்லும்.